மலைநடைக்கு எந்த வழிகாட்டிப் புத்தகம்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டச்சுக் குடாக் கரையில் காலையில் நடக்கிறவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் வருடத்துக்கு இரண்டு தரம் மலைநாட்டுக்கு நடக்கப் போகிறோம். புறப்படுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் புத்தக அலுமாரிக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். நான் புவியியல் படிப்பித்தவன் என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். "ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்காமல் எழுதி வையுங்கள், தேத்தண்ணியாவது மிஞ்சும்" என்று வீட்டில் சொன்னார்கள். கேட்டவர்களின் பேச்சை அப்படியே விட்டிருக்கிறேன்.

போனில மெப் இருக்கே சேர், பிறகென்னத்துக்குப் புத்தகம்?

நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் போன் சொல்லும். அங்கிருந்து எந்தப் பக்கம் போனால் பொழுதுபட முன் திரும்பலாம், மழை பெய்த மறுநாள் எந்த ஓடையைத் தாண்டக்கூடாது, கடைசியாகத் தண்ணீர் பிடிக்கும் இடம் எது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு அந்த வழியால் நடந்துபோன ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரைத்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

போனை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லவில்லை. இரண்டையும் கொண்டு வாருங்கள். ஆனால் நக்கிள்ஸ் மலைக்குள் சிக்னல் இல்லாத பள்ளங்கள் நிறைய இருக்கின்றன. மெப்பை வீட்டிலேயே இறக்கி வைக்காதவருக்கு அங்கே போன் ஒரு டோர்ச் லைட் மட்டும்தான்.

திருகோணமலையையே வைச்சு எழுதின மலைநடைப் புத்தகம் வாங்கலாமே?

பெயரிலேயே மலையை வைத்திருக்கும் ஊர்தான். ஆனால் கோணேசர் மலை, கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் பக்கத்துக் குன்றுகள், திரியாயில் கிரிகண்ட சைத்தியம் இருக்கும் குன்று எல்லாமே ஒரு காலைப்பொழுதில் முடிகிற காரியங்கள். இதற்கென்று புத்தகம் தேடி அலையத் தேவையில்லை. இலங்கை முழுவதுக்குமான பயணப் புத்தகங்களில் நமக்கு ஒதுக்கிய பக்கங்களே போதும். அந்தப் பக்கங்களுக்கு வேறொரு பெரிய உபயோகம் உண்டு, கடையில் புத்தகம் பார்க்கும் கேள்வியில் சொல்கிறேன்.

காட்டுக்குள் இருக்கும் குன்றுகளுக்கு எந்தப் புத்தகத்தையும் நம்பிப் போகவேண்டாம். யானை நடமாடும் இடம் கிழமைக்குக் கிழமை மாறும். பக்கத்துக் கிராமத்து ஆள் ஒருவர் கூட வந்தால் போங்கள், இல்லாவிட்டால் கன்னியாவில் குளித்துவிட்டுத் திரும்புங்கள்.

இலங்கை முழுக்க ஒரே புத்தகம் வாங்கினாக் காணாதா?

பார்க்கப் போகிறவருக்குக் காணும், நடக்கப் போகிறவருக்குக் காணாது. நாடு முழுவதையும் ஒரு தடித்த புத்தகத்துக்குள் அடக்கினால் ஹோட்டன் சமவெளிக்கு ஒன்றரைப் பக்கம் கிடைக்கும். அதில் ஒரு பக்கம் தங்குமிடங்கள். மிச்சம் இருக்கிற அரைப் பக்கத்தில் "உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு வரை போய்வரலாம், காட்சி அற்புதம்" என்று எழுதியிருப்பார்கள். காட்சி அற்புதம் என்பது எங்களுக்கும் தெரியும். பத்து மணிக்குள் பனிமூட்டம் மேலேறி அந்தக் காட்சியை மூடிவிடும், ஆறு மணிக்கே வாசலில் நில்லுங்கள் என்பதுதான் தேவையான வசனம்.

ஒரு பகுதியை மட்டும் எடுத்து, வழிவழியாகப் பிரித்து எழுதிய மெல்லிய புத்தகம் நடைக்கு நல்லது. சட்டைப்பைக்குள் போகுமென்றால் இன்னும் நல்லது.

அப்ப எங்கத்தப் பகுதிக்குரியதை முதல்ல வாங்குறது?

போகப்போகிற இடத்தினுடையதை. சிரிக்கவேண்டாம். எல்ல, ஹப்புத்தளைப் பக்கத்துப் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டு ஐந்து வருடமாக அங்கே போகாதவர்கள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

திருகோணமலைக்காரருக்குக் கிட்டியது நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடக்குப் பக்கம். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகப் போய் றத்தோட்டையால் ஏறினால் ரிவஸ்டன், அப்புறம் பிட்டவல புல்வெளி, இலுக்கும்புர. விடிய முன் வெளிக்கிட்டால் பகலிலேயே நடக்கத் தொடங்கலாம். நடையில் ஓரளவு பழகியவர்களுக்கு இந்தப் பகுதியில் தொடங்கச் சொல்வேன். முதல் தரம் போகிறவர்களுக்கு ஹோட்டன் சமவெளி. ஒன்பது கிலோமீற்றர் சொச்சம் சுற்றி வந்த இடத்துக்கே வரும் பாதை, வழி தவற இடமில்லை. அதற்குப் புத்தகம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

கண்டியிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாகப் போகும் பீக்கோ பாதை 2023இல் திறக்கப்பட்டது. 300 கிலோமீற்றருக்கு மேல். முழுவதையும் ஒரே மூச்சில் நடக்கவேண்டும் என்றில்லை, ஒரு கட்டத்தை எடுத்து ஒரு நாளில் முடிக்கலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போவதால் வழியில் தமிழ் கேட்கும், ரொட்டி கிடைக்கும்.

கடையில நிண்டு ரெண்டு நிமிசத்தில புத்தகம் நல்லதா கூடாததா எண்டு எப்பிடிப் பாக்கிறது?

உங்களுக்குத் தெரிந்த இடத்தின் பக்கத்தைத் திறவுங்கள். தெரியாத மலையைப் பற்றி எழுதியிருப்பது சரியா பிழையா என்று உங்களால் சொல்ல முடியாது. கோணேசர் மலையை உங்களுக்குத் தெரியும். கோட்டை வாசலால் போய் ஏற்றத்தில் கோயில் வரை நடப்பதை அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். வழியில் மான்கள் நிற்பதைச் சொல்கிறாரா, செருப்பை எங்கே கழற்றவேண்டும் என்று சொல்கிறாரா, உச்சி வெயிலில் வெறுங்காலோடு அந்தக் கல்லில் நிற்க முடியாது என்று எச்சரிக்கிறாரா? அந்த ஆள் இங்கே வந்து நடந்திருக்கிறார். "இயற்கைத் துறைமுகத்தின் எழில்மிகு காட்சி" என்று மட்டும் இருந்தால் அவர் கொழும்பில் இருந்து எழுதியிருக்கிறார். நம் ஊரை இருந்த இடத்திலிருந்து எழுதியவர் நக்கிள்ஸையும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

இரண்டாவது, எந்த நடையானாலும் ஒன்றைத் திறந்து, வழி பிரிகிற இடங்களை எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். "சிறிது தூரம் சென்றதும் இடதுபக்கம் திரும்பவும்" என்பது ஒன்றுக்கும் உதவாது. "சீமெந்துப் பாலத்திலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர், பாதை ஓடையை விட்டு விலகும் இடத்தில், ஏறுகிறவருக்கு இடப்புறம்" என்றால் நம்பலாம். ஓடையோரம் இடது, வலது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிலர் நீர் ஓடும் திசையைப் பார்த்துச் சொல்வார்கள், சிலர் நடக்கும் திசையைப் பார்த்து. ஏறும்போது இரண்டும் நேர் எதிர். நல்ல புத்தகம் எதை வைத்துச் சொல்கிறது என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கும்.

மூன்றாவது அடையாளங்கள். இதில் நானே அடிபட்டேன். நக்கிள்ஸில் ஒரு நடையில், "ஏலக்காய் உலர்த்தும் கொட்டில் தாண்டியதும் வலதுபக்கம்" என்று கையில் இருந்த புத்தகம் சொன்னது. எனக்குக் கொட்டில் என்றால் கடற்கரை மீன்வாடிதான். அந்த அளவில் தகரக் கூரையோடு ஏதோ நிற்கும் என்று தேடிக்கொண்டே நாற்பது நிமிடம் மேலே ஏறிவிட்டோம். திரும்பி வரும்போது தண்ணீர் குடிக்க உட்கார்ந்த இடத்தில், பன்னச் செடிக்குள் புகையேறிக் கறுத்த பத்துப் பதினைந்து செங்கல். அதுதான் கொட்டிலின் அடுப்பு. கூரை எப்போதோ போய்விட்டது. அன்றிலிருந்து கட்டடங்களை நம்பி வழி சொல்லும் புத்தகத்தை நான் வாங்குவதில்லை. பாறை, ஓடைகள் சேருமிடம், இரண்டு உச்சிகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் மலைக்கழுத்து, இவற்றை வைத்துச் சொல்லவேண்டும். கொட்டில் இடிந்துபோகும், ஓடைகள் சேருமிடம் அங்கேயேதான் இருக்கும்.

புத்தகத்தில நாலு மணித்தியாலம் எண்டு இருந்தது. எங்களுக்கு ஏழு எடுத்தது. பிழை ஆரில?

யாரிலும் இல்லை. அந்த நான்கு எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில், 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணித்தியாலம். இன்றைக்கும் பல புத்தகங்கள் இதையோ இதை ஒட்டிய ஒன்றையோதான் பாவிக்கின்றன. 14 கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் உள்ள நடைக்கு 2 மணி 48 நிமிடமும் ஒரு மணியும், ஆக 3 மணி 48 நிமிடம். இதில் சாப்பாடு இல்லை, போட்டோ இல்லை, காலில் ஏறிய அட்டையைக் கழற்றுவது இல்லை, உங்கள் மச்சானின் முழங்கால் இல்லை.

அதனால் தூரத்தையும் மொத்த ஏற்றத்தையும் தனித்தனியாகக் கொடுக்கும் புத்தகத்தை எடுங்கள். நேரத்தை மட்டும் கொடுப்பதை வைத்துவிடுங்கள். முதலில் ஒரு சின்ன நடையை முடித்து, புத்தகத்தின் நேரத்தையும் உங்கள் நேரத்தையும் ஒப்பிடுங்கள். அங்கே ஒன்றரை மடங்கு எடுத்திருந்தால் மற்ற நடைகளையும் அப்படியே பெருக்கிப் பாருங்கள். அது எழுதியவருடைய கால், இது உங்களுடைய கால்.

சுலபம், நடுத்தரம், கடினம் எண்டு போட்டிருக்கிறதை நம்பலாமோ?

ஒரே புத்தகத்துக்குள் ஒப்பிடலாம். இரண்டு புத்தகங்களுக்கு இடையில் ஒப்பிடக்கூடாது. மேலே சொன்ன சின்ன நடைச் சோதனை இதற்கும் பொருந்தும்.

பழைய பதிப்பு அரை விலைக்குக் கிடைக்குது. மலை எங்க ஓடப் போகுது?

மலை ஓடாது என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனை இடங்களில் மண்சரிந்தது என்று எல்லோரும் பார்த்தோம். சாலைகளும் பாலங்களும் சரிவுகளும் மாறிப்போயின. அதற்கு முன் அச்சிட்ட எந்தப் புத்தகத்தையும், புத்தம் புதியது என்றாலும், பழைய பதிப்பு என்று நினைத்துக்கொண்டே திறவுங்கள். போகுமுன் அந்தப் பகுதியில் தங்குமிடம் வைத்திருப்பவருக்கு ஒரு போன் எடுத்து, பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

வாங்கும்போது முதல் பக்கங்களில் திருத்திய பதிப்பா மறுபதிப்பா என்று பாருங்கள். மறுபதிப்பு என்றால் தாள் மட்டும்தான் புதிது. கிழக்கு மாகாணத்தைப் பற்றி 2009க்கு முன் எழுதியதை ஞாபகத்துக்கு வைத்திருக்கலாம், வழி பார்க்க அல்ல. மற்றபடி தாவரங்கள், பாறைகள், ஊர்க்கதைகள் எழுதிய பகுதி எத்தனை வயதானாலும் பழுதாகாது. என் அலுமாரியில் உள்ள பழசுகள் அதற்காகவே இருக்கின்றன.

இஞ்ச மழை எண்டா அங்க வெயில், இஞ்ச வெயில் எண்டா அங்க மழை எண்டுறாங்கள். புத்தகத்தில அது இருக்குமோ?

இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வாங்கவேண்டாம். நம் மழை ஐப்பசி தொடக்கம் தை வரை, வாடையோடு வருவது. வைகாசியில் தென்மேற்கு மொன்சூன் தொடங்கும்போது அந்த மழை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரம் போன வெறுங்காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். இங்கே கச்சான் அடித்து உதடு வெடிக்கும்போது ஹற்றனில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஓகஸ்ட் லீவுக்குப் பிள்ளைகளோடு மலைக்குப் போகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மழைக்கு மறைவாக இருக்கும் ஊவாப் பக்கம், பதுளை, எல்ல, நடக்க வசதி. நக்கிள்ஸ் நடுவில் நிற்பதால் இரண்டு பக்க மழையும் அதன் தலையில் விழும். மேற்குச் சரிவுக்கு ஒரு காலம், கிழக்குச் சரிவுக்கு இன்னொரு காலம். ரிவஸ்டனில் மழை இல்லாத நாளிலும் காற்று ஆளைத் தள்ளும்.

ஆகவே "சிறந்த காலம்: டிசம்பர் முதல் ஏப்ரல்" என்று முன்னுரையில் ஒரே ஒரு வரி எழுதி முடிக்கும் புத்தகம் சரிவராது. ஒவ்வொரு நடைக்கும் மாதம் போட்டிருக்கவேண்டும். சிவனொளிபாத மலையை எடுங்கள். பருவகாலம் டிசம்பர்ப் போயாவில் தொடங்கி வெசாக் போயாவோடு முடிகிறது. அதற்குள் போனால் நல்லதண்ணிப் பாதை முழுக்க வெளிச்சமும் தேநீர்க் கடைகளும் இருக்கும். வெளியே போனால் அதே படிகளில் இருட்டும் மழையும் நீங்களும்தான்.

குளிரையும் இதோடு சொல்லிவிடுகிறேன். 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குறையும். இங்கே 30 பாகை என்றால் 2,100 மீற்றரில் உள்ள ஹோட்டன் சமவெளியில் 16 பாகை, அதுவும் பகலில். விடியப்புறத்தைக் கேட்கவே வேண்டாம். புத்தகத்தின் சாமான் பட்டியலில் சுவெட்டர் இருந்தால் அதை மதியுங்கள், நம் ஊர்க்காரர் அலுமாரியில் அது இருப்பதில்லை.

தமிழில கிடைக்குமோ? எனக்கு இங்கிலிஸ் மெல்லத்தான் வரும்.

வழிவழியாக எழுதிய நடைப் புத்தகங்களாக என் கைக்கு வந்தவை ஆங்கிலம்தான். ஆனால் வழி சொல்லும் ஆங்கிலத்தில் நூறு சொற்களுக்கு மேல் இல்லை. இரண்டு நடைகளை அகராதியோடு வாசித்தால் மூன்றாவதுக்கு அகராதி தேவைப்படாது.

உண்மையான கஷ்டம் பெயர்களில். சிவனொளிபாத மலை, சிறீபாத, அடம்ஸ் பீக் மூன்றும் ஒன்று. நக்கிள்ஸைச் சிங்களத்தில் தும்பற என்பார்கள். தோட்டங்களுக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று பலகையில் இருக்கும், அங்கே வேலை செய்கிற சனங்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். பலகைப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் லயத்தில் இருக்கிற அம்மா முழிப்பார். மூன்று மொழிப் பெயரையும் தரும் புத்தகம் கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கேட்டறிந்த பெயரை ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். சிங்களத்தில் கந்த என்றால் மலை, கல என்றால் பாறை, எல்ல என்றால் அருவி, ஓய என்றால் ஆறு, பத்தன என்றால் புல்வெளி. இந்த ஐந்தும் தெரிந்தாலே பாதி இடப்பெயர் விளங்கும்.

புத்தகத்துக்குள்ளயே மெப் இருக்கு. தனிய ஒண்டு வாங்கோணுமோ?

அதில் அளவுத்திட்டமும் வடக்கு அம்புக்குறியும், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றும் இல்லாவிட்டால் அது படம், தரைப்படம் இல்லை. பாதையில் நிற்கும் வரைக்கும் அது போதும். பாதையை விட்டு விலகிய நிமிடத்திலிருந்து, உங்கள் இடம் அந்தப் படத்துக்குள்ளேயே இருக்காது.

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தரைப்படத்தில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். நடைக்குரிய தாளை வாங்கி, புத்தகத்தில் உள்ள வழியை அதில் பென்சிலால் கீறிப் பாருங்கள். கீற முடியாத அளவுக்கு விவரணம் குழப்பமாக இருந்தால் அந்த நடையை விட்டுவிடலாம். வீட்டு மேசையில் தொலைகிறவர் காட்டிலும் தொலைவார்.

மின்னூலா எடுத்தாப் பாரம் குறையுமே?

குறையும். போகிற நடையின் பக்கங்களை மட்டும் அச்செடுத்துப் பொலித்தீன் உறையில் போடுங்கள். ஆனால் ஹோட்டன் சமவெளி வாசலில் பொலித்தீன் பார்ப்பார்கள், அங்கே வேறு உறை கொண்டுபோங்கள்.

புத்தகத்தில போட்டிருக்கு, அப்ப அங்க போக அனுமதி எண்டுதானே அர்த்தம்?

இல்லை. புத்தகம் எழுதியவர் அனுமதி கொடுக்கிறவர் அல்ல. நக்கிள்ஸ் பாதுகாப்புக் காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ், ஹோட்டன் சமவெளி வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ். சீட்டும் விதிகளும் வேறு வேறு. தோட்டங்கள் கம்பனிகளிடம். நாட்டின் ஆக உயர்ந்த மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர், அதன் உச்சி பாதுகாப்பு வலயம், நினைத்தபடி நடந்து ஏற முடியாது. உயரமாக ஏறவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அதற்கு அடுத்த கிரிகல்பொத்த இருக்கிறது, ஹோட்டன் சமவெளிக்குள்.

ஒவ்வொரு நடைக்கும் அந்த நிலம் யாருடையது, சீட்டு எங்கே எடுப்பது என்று எழுதுகிற புத்தகம் பொறுப்பான புத்தகம். கட்டணத்தை மட்டும் புத்தகத்தில் நம்பாதீர்கள், அது பதிப்பை விட வேகமாக மாறும்.

மகள் ஸ்கொட்லாந்தில. சமருக்கு வாங்கோ, மலைக்குப் போவம் எண்டுறாள். இதே மாதிரித்தான் புத்தகம் பாக்கிறதோ?

பார்க்கும் முறை அதேதான், பெரும்பாலும். அங்கே ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனிப் புத்தகம் இருக்கும், தெரிவு செய்வதுதான் தலையிடி. பல புத்தகங்கள் மன்றோக்களைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கும். 3,000 அடிக்கு, அதாவது 914 மீற்றருக்கு, மேற்பட்ட மலைகளை 1891இல் ஹியூ மன்றோ பட்டியல் போட்டார், இன்று அதில் 282 உண்டு. அந்தப் பட்டியலை முடிப்பவர்களுக்கான புத்தகம் உங்களுக்கு வேண்டாம். "தாழ்ந்த நடைகள்", "குடும்ப நடைகள்" என்ற வகையை மகளிடம் கேளுங்கள்.

உயரத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். அங்கத்தைய ஆக உயர்ந்த பென் நெவிஸ் 1,345 மீற்றர்தான், நம் நுவரெலியா நகரமே 1,868 மீற்றரில் இருக்கிறது. ஆனால் பென் நெவிஸில் கிட்டத்தட்டக் கடல்மட்டத்திலிருந்து காலால் ஏறவேண்டும், நுவரெலியாவுக்கு பஸ் ஏற்றிவிடும். அதோடு அங்கே பாதை இல்லாத இடத்திலும் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், 2003ஆம் ஆண்டின் நிலச் சட்டம் பொறுப்போடு நடப்பவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. ஆகவே மேலே அனுமதியைப் பற்றிச் சொன்னது அங்கே அப்படியே பொருந்தாது, தரைப்படத்தைப் பற்றிச் சொன்னது இரட்டிப்பாகப் பொருந்தும்.

புத்தகம் ஒண்டு சொல்லுது, கூட வாற ஊர்ப் பொடியன் வேற சொல்லுறான். ஆற்ற பேச்சைக் கேக்கிறது?

பொடியனுடைய பேச்சை. நேற்று பெய்த மழையைப் புத்தகம் பார்க்கவில்லை. ஆனால் ஏன் வேறு வழி என்று ஒரு தரம் கேளுங்கள். "அங்கால மரம் விழுந்து கிடக்கு", "அந்த ஓடை இப்ப நிரம்பிக் கிடக்கு" என்று காரணம் வந்தால் பேசாமல் பின்னால் நடவுங்கள். "இதால கெதியாப் போகலாம்" என்பது மட்டும்தான் காரணமென்றால், தரைப்படத்தை விரித்து அந்தக் குறுக்குவழியில் சமவுயரக் கோடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். பொடியனுக்கு இருபது வயது, உங்கள் கூட்டத்தில் அறுபத்தெட்டு வயதுக்காரரும் இருக்கிறார். கோடுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் அது செங்குத்தான இடம், புத்தகத்தின் வழியாலேயே போவோம் என்று சொல்லுங்கள், அவன் கோபிக்கமாட்டான். திரும்பி வந்ததும் அவன் சொன்ன வழியையும் பென்சிலால் ஓரத்தில் குறித்துவிட்டு, புத்தகத்தை என் அலுமாரியில் கொண்டுவந்து வையுங்கள். மூன்று புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.